கண்ணை மூடிச் சொன்ன ஓம்

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. ஐம்பது வயது தாண்டிய ஒருவன் இதைச் சொல்வது வெட்கம்தான், ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. போனைக் காதில் வைத்தால் எனக்கு வருவது ஒரே ஒரு சொல்: ஓம். (இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் 'ஆமாம்' என்பதற்குத்தான் 'ஓம்' என்கிறோம். அதில் பக்தி ஒன்றும் இல்லை. பிரச்சினையே அதுதான்.)

நான் வேலை செய்யும் கந்தோரின் முதலாளி எடுத்து "கொண்டெய்னர் வந்திட்டுதோ?" என்று கேட்டாலும் ஓம். கனடாவில் இருக்கும் மச்சான் "எல்லாரும் சுகமோ?" என்றாலும் ஓம். ஒருமுறை பிழையான நம்பருக்கு எடுத்த ஒருவர் "சிவலிங்கமோ?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்று சொல்லிவிட்டு, அவருடைய தங்கையின் கலியாணப் பேச்சு முறிந்த கதையைக் கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டு நின்றேன். இடையில் நான் சிவலிங்கம் இல்லை என்று சொல்வது மரியாதையாகத் தெரியவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா இதற்கு நேர்மாறு. மகள் ஜெனிற்றா தாயைப் போல. கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால், வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் பக்கத்து சீற்றில் இருந்தவரின் மருமகளுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்பது வரை அறிந்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் அவள் படித்த பல்கலைக்கழகம், இரண்டு பருவங்களுக்குப் பரிமாற்று மாணவியாகப் பின்லாந்துக்கு அனுப்பியது. நான் பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் சோதனையோடு நின்றவன். அட்லஸில் தேடிப் பார்த்தேன். மேலே, கடதாசி முடிகிற இடத்தில் இருந்தது.

போன முதல் கிழமையே முறைப்பாடு தொடங்கிவிட்டது.

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் கதைக்கினம் இல்லை. லிஃப்டில குட்மோர்னிங் சொன்னா சுவரைப் பார்க்கினம்."

"நீ சிரிச்சுச் சொல்லு பிள்ளை."

"சிரிச்சா இன்னும் பயப்பிடுகினம். பஸ் ஹோல்ட்டில ஒரு ஆளுக்கும் மற்ற ஆளுக்கும் நடுவில ஒரு மாட்டைக் கட்டலாம்."

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த நாடு மிகவும் பிடித்துப்போனது. ஆளை மாற்றி அனுப்பிவிட்டார்கள், அங்கே போயிருக்க வேண்டியவன் நான் என்று நினைத்தேன். (வெளியே சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் இல்லை.)

ஆனால் நவம்பர் முடிவதற்குள் முறைப்பாடும் நின்றுவிட்டது. ஒருநாள் தாய் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஜெனிற்றா "ஓம்", "ஓம்" என்று மட்டும் பதில் சொன்னாள். ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களை மாதிரிக் கதைக்கிறாள்," என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வர முடியாது.

அடுத்த தடவை ஜெனிற்றா எடுத்தபோது ஒரு திட்டம் வைத்திருந்தாள். அவள் இருந்த விடுதியில் ஐந்து அறைகளுக்கும் சமைக்க ஒரு பொதுக் குசினி. மற்ற நாலு பேரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். நாலு பேரும் வருவதாகத் தலையாட்டியிருந்தார்கள்.

"கோழிக்கறி காய்ச்சப் போறன். சாப்பிட்டுட்டும் ஒருத்தரும் கதைக்காட்டி, நத்தாருக்கு வீட்ட வந்திடுவன். திரும்பிப் போகமாட்டன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது. (நத்தார் என்றால் எங்களுக்குக் கிறிஸ்மஸ்.)

கொண்டுபோன மிளகாய்த்தூள் முடிந்திருந்தது. அங்கே ஒரு கடையில் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வைத்திருந்தாள். வறுத்து அரைக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கடுமையான தடிமன், மூக்கில் ஒரு மணமும் ஏறவில்லை, கண்ணில் நீர் வடிந்து நிறமும் சரியாகத் தெரியவில்லை. வறுபட்டதா கருகுதா என்பதை வீடியோவில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஸ்டெல்லாதான் என்று முடிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வத்தளையில் ஸ்டெல்லாவின் பெரியம்மா இறந்துபோனா.

செத்தவீட்டுக்குப் போக வெள்ளைச் சாறி உடுத்தியபடியே ஸ்டெல்லா எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அவளுக்குச் சமைக்கத் தெரியும். நீங்கள் நிறத்தை மட்டும் பாருங்கோ. இன்னும் வறுக்கட்டோ எண்டு கேட்பாள். வறுக்க இருந்தா ஓம் எண்டு சொல்லுங்கோ. கோப்பி நிறம் வந்தாப் போதும், காணும் எண்டு சொல்லுங்கோ. ரெண்டே ரெண்டு சொல்லு. ஏலும்தானே?"

"ஓம்."

"இழுத்துச் சொல்லுங்கோ. அந்தப் பக்கம் லைன் வெட்டி வெட்டித்தான் கேட்கும்."

"ஓ...ம்."

"அப்பிடித்தான்."

அன்று பின்னேரம் நான் இருந்த இடத்தை இப்போது விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அதுவும் காரணம். கதிரையில் இஸ்திரி போடாத உடுப்பு மலையாகக் கிடந்தது. அதனால் கட்டிலில், இடுப்பில் கட்டிய சாரத்தோடு, சம்மணம் கட்டி இருந்தேன். வெள்ளை பெனியன். எனக்குப் பின்னால் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். அதற்குக் கீழே எப்போதும் எரியும் சிவப்புப் பல்ப் சரியாக என் தலைக்குப் பின்னால் வந்திருந்தது. நுளம்புக் கடிக்குக் கட்டிலடியில் சுருள் கொளுத்தியிருந்தேன். அதன் புகை முன்னால் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் பின்லாந்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

ஜெனிற்றா போனை மேசையில் கேத்திலோடு சாய்த்து வைத்தாள். மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள். அதில் ஒருவன், யுஹா என்று பெயர், கதிரையில் இருந்தபடியே வாசல் உயரம் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் பின்னல் போட்ட ஒரு பெண். "மை ஃபாதர்," என்று அறிமுகப்படுத்திவிட்டு மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பு மேசைக்குப் பின்னால், மூலையில்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.  என் ஆங்கிலம் "யெஸ் சேர்", "கொண்டெய்னர் கம்மிங் சேர்" என்பதோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். நான் பார்க்காவிட்டால் அவரும் என்னைப் பார்க்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பழக்கம் அன்று தானாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா, இன்னும் வறுக்கட்டோ?"

"ஓ...ம்," என்றேன், ஸ்டெல்லா சொன்னபடி இழுத்து.

 பிறகு மேசைப் பக்கமிருந்து மெல்லிய பெண்குரல்:

"ஓ...ம்."

ஒரு கண்ணை அரைவாசி திறந்து பார்த்தேன். பின்னல்காரி கதிரையில் காலை மடக்கி, கையை முழங்காலில் வைத்து, கண்ணை மூடியிருந்தாள். (அவள் யோகா வகுப்புக்குப் போகிறவள் என்பது பிறகுதான் தெரியும்.) எனக்கு மனம் குளிர்ந்துபோனது. எங்கள் பிள்ளை இவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், நான் சொன்னது சரி என்கிறது இந்தப் பெண் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் விட்டால் வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நானும் கண்ணை மூடி, "ஓ...ம்" என்றேன்.

இந்தத் தடவை நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். யுஹாவின் குரல் மாதா கோயிலில் வாசிக்கும் ஓர்கன் மாதிரி இருந்தது.

"அப்பா, இஞ்ச பாருங்கோ, நிறம் காணுமோ? இன்னும் வறுக்கட்டோ?" மிளகாய் வறுபடும் தாச்சியைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள் பாவம்.

"ஓ...ம்."

"ஓ...ம்," என்றார்கள் நாலு பேரும்.

"இன்னும் கொஞ்சமோ?"

"ஓ...ம்."

உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்களோடு நான் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு கூச்சமும் இல்லை. இப்படியே நாலு நாள் கதைக்கலாம் போல இருந்தது. நடுவில் ஒருதரம் கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் எல்லோருக்கும் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன இளகிய மனம் படைத்த பிள்ளைகள் என்று நினைத்து, மறுபடியும் மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருவன் இருமினான். பிறகு எல்லோரும் இருமினார்கள். பிறகு கூரையில் எங்கோ ஒரு மணி அலறத் தொடங்கியது.

கண்ணைத் திறந்தால் குசினியே இல்லை, வெள்ளைப் புகை மட்டும்தான். அதற்குள்ளே ஜெனிற்றாவின் குரல். கதிரை விழும் சத்தம். போன் தூக்கப்பட்டது. படிகள், சப்பாத்து இல்லாத கால்கள், ஒரு கதவு, பிறகு பனி.

அந்த நாட்டு முறைப்படி, மணி அடித்தால் விடுதி முழுவதும் வெளியே இறங்க வேண்டுமாம். இறங்கியிருந்தார்கள். தலைக்குப் போட்ட ஷாம்பு நுரையோடு ஒருவன் துவாயைப் போர்த்திக்கொண்டு நின்றான். யுஹா தன்னுடைய ஜக்கெற்றைக்கூட எடுக்காமல் என்னை எடுத்திருந்தான். திருநாளில் புனிதரின் சுரூபம் தூக்குகிற மாதிரி, என் முகம் சனத்துக்குத் தெரியும்படி போனை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதன் வெளிச்சம் சுற்றிச் சுற்றி அவர்கள் முகத்தில் விழுந்தது.

அந்த நேரம்தான் ஸ்டெல்லா செத்தவீட்டால் வந்து அறைக்குள் நுழைந்தாள். கட்டிலில் சம்மணம் கட்டிய புருஷனையும், போனுக்குள்ளே பனியில் நடுங்கும் வெள்ளைக்காரக் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

நான் பதில் சொல்வதற்குள் திரையில் மகளின் முகம் வந்தது. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன.

"அப்பா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"ஓம்," என்றேன். அன்று நான் சொன்ன ஓம்களில் சரியான இடத்தில் சொன்னது அது ஒன்றுதான்.

போனை வெட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஸ்டெல்லா என்னைத் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்தினாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளை நத்தாருக்கு வீட்டுக்கு வரப்போகிறாள் என்றால் மற்ற வருடங்களில் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது கந்தோரில் இருந்து வரும்போதெல்லாம், அவள் பெட்டியோடு படியில் இருப்பாளோ என்று பயந்து பயந்து மாடி ஏறினேன்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரம் போன் அடித்தது. ஸ்டெல்லா எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அப்பா," என்றாள் ஜெனிற்றா. "புதன்கிழமை உங்களுக்கு வேலையோ?"

"ஏன் பிள்ளை?"

"இவை உங்களோட கண்ணை மூடி இருக்க வேணுமாம். விடுதியில வேற ஆக்களும் கேட்கினம். யுஹா சொல்லுறான், தன்ர வாழ்க்கையில இவ்வளவு அமைதியா ஒருக்காலும் இருந்ததில்லையாம்."

"நான் ஆமாம் எண்டுதானே பிள்ளை சொன்னனான். நீ விளங்கப்படுத்தேல்லையோ?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இல்லை அப்பா. அண்டைக்குப் பனிக்குள்ள நிண்டு நிண்டு குளிர் தாங்காம எல்லாரும் கதைக்கத் தொடங்கிட்டினம். அந்த மணி என்னத்தால அடிச்சது எண்டு என்னட்டத்தான் வந்து கேட்கினம். இப்ப லிஃப்டிலயும் கேட்கினம்; ஓம் எண்டா ஆமாம்தான் எண்டு சொன்னா எல்லாம் முடிஞ்சிடும். நீங்கள் புதன்கிழமை சும்மா இருந்தாக் காணும்."

சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த தொழில். இரண்டாம் பருவம் முடியும் வரை புதன்கிழமைகளில் கட்டிலில் இருந்தேன். ஸ்டெல்லா முகம் துடைத்து, வெள்ளை பெனியனுக்குப் பதிலாக வெள்ளைச் சேட் போட்டுவிடுவாள். மகள் நத்தாருக்கு வரவில்லை. யுஹாவின் வீட்டுக்கு, அவனுடைய தாய் கூப்பிட்டு, போயிருந்தாள்.

கத்தோலிக்கன் இப்படிச் செய்வது சரியோ என்று மனம் உறுத்தியதால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எங்கள் பங்குச் சுவாமி நெடுநேரம் இருமினார். (இருமல் இல்லை என்பது பிறகு புரிந்தது.) "பங்குக்கு ஒரு சுவாமி காணும்," என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் யுஹா கொழும்புக்கு வந்தான். நாங்கள் கட்டுநாயக்கவில் காத்துக்கொண்டு நின்றபோது, அவ்வளவு சனத்துக்கு நடுவில் பெட்டியைக் கீழே வைத்து, கைகூப்பி, கண்ணை மூடி, "ஓ...ம்" என்றான். இந்த இரண்டு வருடத்தில் ஜெனிற்றா அவனுக்கு உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஸ்டெல்லா குசினியில் தூளுக்கு மிளகாய் வறுத்தாள். சின்ன வீடு. புகை ஹோலுக்கு வந்தது. நான் ஜன்னலைத் திறக்க எழும்பினேன். திரும்பிப் பார்த்தால் யுஹா கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் சம்மணம் கட்டி இருக்கிறான். கண் மூடியிருக்கிறது. கண்ணீர் ஓடுகிறது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மிளகாய்ப் புகையும் இதில் ஒரு பகுதி என்று அவன் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவனைத் தனியே விட மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னும் வறுக்கட்டோ?" என்று குசினியில் இருந்து ஸ்டெல்லா கேட்டாள்.

"ஓ...ம்," என்றோம் இரண்டு பேரும்.

"கண்ணைத் திறந்துகொண்டு சொல்லுங்கோ," என்றாள் ஜெனிற்றா. எங்கள் வீட்டில் இப்போது நான் எதற்கு ஓம் சொன்னாலும் அடுத்து வருவது அந்த வசனம்தான்.