மூன்றாம் கியரும் நாற்பத்தொன்றும்

மூன்றாம் கியர் அண்ணையைப் போல மோசமாகக் கார் ஓட்டிய மனிதர் டென்மார்க்கில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. அவருடைய காரில் ஒருமுறை எங்கள் ஊரான ஸ்கீவவின் பஸ் நிலையம்வரை போய்வந்த நாத்திகர் ஒருவர், அந்த வாரமே வெள்ளிக்கிழமைகளில் மச்சமாமிசம் சாப்பிடுவதை விட்டார். அந்த நாத்திகர் நான்தான்.

அண்ணையின் சொந்தப் பெயரை ஆலையின் சம்பளத்தாள் மட்டுமே அறியும். காரைக் கிளப்பி மூன்றாம் கியரைப் போட்டால், இறங்கும்வரை அதுதான். "மாத்தி மாத்திப் போட்டா எஞ்சினுக்கு எங்களிலை நம்பிக்கை போயிடும்" என்பார். வாழ்க்கையும் அப்படியே ஓடியது. ஒரே இறைச்சி ஆலை, ஒரே அறை, ஒரு சட்டி, ஒரு கதிரை. விருந்தாளி வந்தால் கட்டிலில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கட்டில் காலியாகத்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே சேற்றுப் பாதையில் பழைய கார்களின் ஓட்டம் நடக்கும். கண்ணாடிகளைக் கழற்றி, கதவில் எண் எழுதி, ஒருவர்மேல் ஒருவர் சேறு வாரி இறைத்தபடி சுற்றுவார்கள். டேனிஷ்காரருக்கு அது ஃபோல்க்ரேஸ், அண்ணைக்குத் திருவிழா. அவருடைய எண் பதினேழு. நான் அவருடைய மெக்கானிக். அதாவது, அவர் காருக்கடியில் கிடக்கும்போது குடை பிடிப்பவன்.

அண்ணைக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, நாற்பத்தொன்றை ஒரு தடவை முந்துவது. நாற்பத்தொன்று ஒரு பன்றிப் பண்ணைக்காரர், மனைவியை இழந்த தனிக்கட்டை. ஆறரை அடி உடம்பைக் கட்டில் விரிப்புப்போல மடித்துக் காருக்குள் வைப்பார். அண்ணையின் டேனிஷ் ஆலைக்கு மட்டும் போதும். நாற்பத்தொன்றின் டேனிஷ் பன்றிகளுக்கு மட்டும் போதும். வருடக்கணக்கில் இருவரும் பேசியது "டவ்" என்ற ஒரேயொரு வணக்கம்.

அங்கே ஒரு விதி இருந்தது. ஓட்டம் முடிந்ததும் யாரும் யாருடைய காரையும், எண்ணைத் துண்டில் எழுதிக் கொடுத்து, ஓட்டச் சங்கம் வைத்த விலைக்குக் கேட்கலாம். மறுக்கக்கூடாது. வெற்றியின் இரகசியம் காரில்தான் இருக்கிறது என்று அண்ணை நாற்பத்தொன்றின் காரைக் கேட்டார். அவரும் விடாமல் அண்ணையின் காரைக் கேட்டார். அடுத்த ஞாயிறு, அண்ணையின் பழைய காரில் வந்த நாற்பத்தொன்று, தன்னுடைய பழைய காரில் வந்த அண்ணையை முந்திப் போனார். அண்ணை சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு வாரத்தில் நாற்பத்தொன்றின் சக்கரங்களுக்கடியிலும் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது.

வாராவாரம் கார்கள் கைமாறின. வாராவாரம் அண்ணை கதவில் நாற்பத்தொன்றை அழித்துப் பதினேழு எழுதுவார். பிறகு, என்னைப் போலவே ஐந்தடி மனிதரான அவர், நெட்டையன் பின்னுக்குத் தள்ளி வைத்த இருக்கையைத் திட்டித் திட்டி முன்னுக்கு இழுப்பார்.

ஸ்கீவத் தமிழர்கள் ஒவ்வொருவராகத் தலைநகருக்கு அருகே டோஸ்ட்ருப் பக்கம் குடிபோனார்கள். நானும் போக ஆயத்தமானேன். அவரையும் கூப்பிட்டேன்.

"அங்கை ஆரோடை ஓடுறது?" என்றார்.

நான் குடை பிடித்த கடைசி ஞாயிறு, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: நாற்பத்தொன்று பண்ணையை விற்றுவிட்டார், ஓல்போர்க்கில் மகளிடம் போகிறார், இதுவே அவருடைய கடைசி ஓட்டம். அண்ணை ஹெல்மெட்டை மாட்டினார்.

கடைசிச் சுற்றில் நாற்பத்தொன்று முதலாவது, அண்ணை இரண்டாவது. முடிவுக்கோட்டுக்கு நாலு கார் தூரத்தில் நாற்பத்தொன்றின் எஞ்சின் நின்றது. பக்கத்தில் பாதை விரியத் திறந்து கிடந்தது. நான் குடையை எறிந்தேன். அண்ணை விலகவில்லை. மூன்றாம் கியரில் நேராக வந்து, முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் மூக்கை வைத்து, அதைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். தள்ளுவது குற்றம். அண்ணையின் ஓட்டத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"இடிச்சுப் பிரட்டத்தான் போனனான். அவன் தாண்டிட்டான்."

அன்றும் இருவரும் துண்டு எழுதிக் கார்களை மாற்றினார்கள். நாற்பத்தொன்று கைகொடுத்து "டவ்" என்றார். அண்ணையும் "டவ்" என்றார். விடைபெற டேனிஷில் வேறு சொல் உண்டு. இருவருமே அதை எடுக்கவில்லை.

போன மாதம் ஸ்கீவவுக்குப் போனேன். அண்ணை ஓய்வு பெற்றுவிட்டார். கராஜில் கடைசியாக மாற்றிய அந்தக் கார் நின்றது. கதவில் நாற்பத்தொன்று அழியாமல் இருந்தது. அவரைப் போய்ப் பார்க்கலாமே என்றேன்.

"பேர் தெரியாது தம்பி. ஓல்போர்க்கிலை போய் நாப்பத்தொண்டு எங்கை எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?"

சாரதி இருக்கையில் ஏறி இருந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. முன்னுக்கு இழுக்கக் கை போனது.

"அதைத் தொடாதையும். அது அவன்ரை அளவு."

கையை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இறங்கி அவருக்கு இடம் விட்டேன். அவரும் ஏறி, கால் எட்டாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் வெளியே நின்றேன். மழை இல்லை, ஆனாலும் கையில் ஒரு குடை இருந்திருக்கலாம் போல இருந்தது.