மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் ஓடும் பம்பு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்காவும் சௌக்கியம். அங்கே தாங்களும், இல்லத்தாரும், தங்கள் பழைய கார் வியாபாரமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தாங்கள் என் தலையில் கட்டிய கார் மட்டும் சௌக்கியமாக இல்லை. போனில் சொன்னால் தாங்கள் சிரித்துவிட்டு இருமல் மாதிரி சமாளிக்கிறீர்கள். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பேத்தியை நான் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அந்தப் போட்டோவும் ஒரே மங்கல், எடுத்தவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது. கார் எடுத்தால் அரை நாள் பயணம். நானே ஓட்டிக்கொண்டு போய், வாசலில் ஹாரன் அடித்து, பேத்தியைக் கையில் வாங்க வேண்டும். எனக்கு வேறென்ன ஆசை? மகளோ, "ரயில்ல வாங்கப்பா" என்கிறாள். ஏன், எனக்குக் கார் ஓட்டத் தெரியாதா?

பெட்டி படுக்கையை ஏற்றிச் சாவியைத் திருப்புகிறேன். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு 'உய்ங்' என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டுமா இல்லையா? கப்சிப். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவன் சாவியைத் தொட்டதுதான் தாமதம், 'உய்ங்'! தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வண்டி ஜம்முனு இருக்கு சார்" என்று போய்விட்டான். நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து திருப்பினால் மறுபடி கப்சிப். மறுநாளும் இதே கதை, அதற்கு மறுநாளும் இதே கூத்து. இப்போது அவன் என்னைப் பார்த்தாலே, "சார், சாவியத் திருப்பும்போது பயப்படாதீங்க" என்கிறான். பயமாம்! எனக்காம்!

மரியாதையாக ஆரம்பித்தேன், இனிமேல் முடியாதுப்பா. நீயே சொல்லு, நான் யாரு? துணைமின்நிலையத்துல ஃபோர்மேனா இருந்து, பாதி ஊருக்கு விளக்கெரிய வெச்சவன். ஒரு பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் எங்கே நிக்குதுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா? மீட்டரை எடுத்துக்கிட்டு நானே இறங்கிட்டேன். உங்கக்கா டார்ச் பிடிச்சா. பாவம், அவளுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி உனக்கு இருக்கா? நான் குளிக்கப் போனாப் போதும், துணியை எடுத்துக்கிட்டு பானெட்டைத் திறந்து உள்ளயெல்லாம் துடைச்சு வைக்கிறா. மெக்கானிக் வர்றான்னா அதுக்கு முன்னாடியும் ஒரு துடை.

கேளு. பேட்டரி நல்லா இருக்கு. ஃபியூஸ் நல்லா இருக்கு. அடுத்தது ரிலே, அதான் பானெட்டுக்குள்ள இருக்கிற அந்தச் சின்னக் கறுப்பு டப்பா, சாவியத் திருப்பினதும் பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுறது. ஹாரனுக்கும் அதே மாதிரி டப்பாதான், பக்கத்திலேயே இருக்கு. ரெண்டையும் கழட்டி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாத்திப் போட்டேன். ரிலே கெட்டிருந்தா இப்போ பம்பு ஓடணும், ஹாரன் ஊமையாகணும். என்ன ஆச்சு? ஹாரன் தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி அலறுது, பம்பு கப்சிப். ஆக ரிலே மேல குத்தமில்ல. பம்புக்கு பேட்டரியிலேர்ந்து தனியா ஒயர் இழுத்துக் கொடுத்தேன், 'உய்ங்'னு ஓடுது. ஆக பம்பு மேலயும் குத்தமில்ல. அப்போ நடுவுல போற ஒயர்லதான் கோளாறு. அந்த ஒயர்ல கை வெச்சது யாரு? விக்கிறதுக்கு முன்னாடி "எல்லாம் செக் பண்ணிட்டேன் அத்தான்"னு பல்லை இளிச்சது யாரு?

பின்சீட்டைக் கழட்டி ஹாலில் போட்டிருக்கேன். வர்றவங்க அதுலதான் உக்கார்றாங்க, எதிர்வீட்டம்மா சோபா நல்லா இருக்குன்னு விலை வேற கேட்டுட்டுப் போறாங்க. தரைவிரிப்பை உரிச்சு அந்த ஒயரை முழம் முழமா தடவிப் பாத்துட்டேன், எங்கேயும் அறுந்த மாதிரி தெரியல. இந்தக் காலத்து ஒயருக்கெல்லாம் ஒழுங்கா கலர் கூடக் கொடுக்கிறதில்ல, சிவப்பும் பழுப்பும் ஒண்ணாவே இருக்கு.

இதுக்கு நடுவுல உங்கக்கா, "கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாங்க"ன்னு ஆரம்பிக்கிறா. பம்பு ஓடலைன்னா எனக்கு எதுக்குடா கண் டாக்டர்? போன மாசம் நம்ம வீட்டு கேட்டுல வண்டி உரசினதை இன்னும் சொல்லிக்காட்டுறா. கட்டினவன் தூணைக் குறுக்கே கட்டினா நான் என்ன செய்ய? கடைத்தெரு பள்ளத்துல முன்சக்கரம் இறங்கிச்சே, அங்கேயும் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கக் கூடாதா? பலகை இருந்துச்சாம், அது மேல ஏறித்தான் பள்ளத்துல இறங்கினேனாம். எல்லாம் உங்க குடும்பத்துப் பேச்சு.

முடிவாச் சொல்றேன். இந்த வாரத்துக்குள்ள நீயே நேர்ல வந்து ஒயரை மாத்திக் கொடு. இல்லன்னா உன் கடை வாசல்ல பின்சீட்டைப் போட்டு உக்காந்து, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் உன் லட்சணத்தைச் சொல்லுவேன். பேத்தி முகத்தைப் பாக்க விடாம பண்றியேடா, நீ நல்லா இருப்பியா?

நல்லா இரு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஏமாந்த அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். நீ கொடுத்தனுப்பின செத்த ரிலே நல்லா வேலை செய்யுது. நல்ல ரிலேயை என் தையல் டப்பாவுல நூலுக்கு அடியில வெச்சிருந்தேன். மெக்கானிக் வரும்போது மட்டும் எடுத்து மாட்டுவேன், அவன் போனதும் கழட்டிடுவேன். அன்னிக்கு ரெண்டையும் மாத்திப் போடுறேன்னு இவர் உக்காந்தப்போ எனக்கு உசிரே இல்ல, குட்டு உடைஞ்சுதுன்னே நெனச்சேன். ஆனா கழட்டினதைக் கழட்டின இடத்துலயே திரும்ப மாட்டினாருடா. பட்டப்பகல்ல, நான் டார்ச் வேற அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்துச்சு. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அரை நாள் தூரம் ஓட்டினா நாங்க பேத்தியைப் போய்ச் சேருவோமா? திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஒயர் பத்தி உன்னோட பேசப் போறோம்னு சொல்லி ஆட்டோவில ஏத்திடுவேன், நீயும் அங்கேயே வந்து நில்லு. நல்ல ரிலேயை இந்தக் கவர்லயே பஞ்சு சுத்தி வெச்சிருக்கேன். கண் சரியானதும் கொண்டா.

இதையெல்லாம் அவருக்கு எதிரிலேயே உக்காந்துதான் எழுதுறேன். இப்போதான் "என்ன எழுதுறே, குடு"ன்னு வாங்கி, கையை நீட்டிப் பிடிச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தார். "சபாஷ், தம்பின்னுகூடப் பாக்காம நறுக்குன்னு கேட்டிருக்கே"ன்னு சொல்லி, கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டயே கொடுத்துட்டார்.