லீக்ஸ் வடகமும் ஒரு நாள் தேயிலையும்

ஒரு தோட்டத்தின் ஒரு நாள் தேயிலையை முழுசாகக் கெடுத்தவள் நான். யாருடைய தூண்டுதலும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. சொல்லப்போனால் நல்ல எண்ணம்தான் அளவுக்கு மீறிப் போய்விட்டது. சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வயது இருபது, கல்யாணமாகி எட்டு மாதம். யாராவது ஒன்றைச் சொன்னால் அது உண்மைதானா என்று அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். ஒட்டி ஒட்டிப் பத்துக் காம்பரா உள்ள லயத்தில் ஆறாவது எங்களுடையது. அந்த ஒரே அறைக்குள் நான், என் வீட்டுக்காரர், மாமனார், அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்), கொழுந்தன்மார் இரண்டு பேர். ஆறு பேருக்கும் வேலை. ஐந்து பேர் மலைக்குப் போவோம். என் வீட்டுக்காரர் மட்டும் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். விடிகாலையில் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடினால் பொழுது சாயத்தான் வீடு. வந்ததும் பசி. பசிக்குக் கடைப் பணிஸ் (பன்தான்), கூடவே தேத்தண்ணி.

இதையெல்லாம் மாற்றச் சொன்னவர் எங்கள் தோட்டத்து மருத்துவச்சி அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்கு வரச் சொல்லி, சுத்தத்தைப் பற்றியும் சத்தான சாப்பாட்டைப் பற்றியும் பேசினார்.

"கரி படிஞ்ச எடத்துல திங்கிற சாமான வைக்காதீங்க. கடைப் பணிஸப் போட்டு வயித்த அடைக்காதீங்க. லயத்துக்குப் பின்னாடியே லீக்ஸும் கரட்டும் வெளையுது. அத வச்சு வீட்டுலயே எதாச்சும் செஞ்சு வைங்க. அதுல இரும்புச்சத்து இருக்கு."

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"இரும்புன்னா, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியில இருக்கே, அந்த இரும்பாங்க?"

"அதேதான்மா."

"அது எப்பிடிங்க லீக்ஸுக்குள்ள போச்சு?"

மருத்துவச்சி அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார். (அதற்கு அப்புறம் என்னைக் கண்டாலே அவருக்கு வேறு எங்கேயாவது பிரசவம் வந்துவிடும்.)

எனக்கு அடுத்த கிழமை வரை பொறுமை ஏது? அன்றைக்கே தொடங்கினேன். அடுப்புச் சுவரில் எத்தனையோ வருஷமாகப் படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். ஆபீசில் கெஞ்சிச் சுண்ணாம்பு வாங்கி நான்கு சுவருக்கும் அடித்தேன். அடுப்புக்கு மேலே விறகும் கருவாடும் காய்ந்துகொண்டிருந்த பரணைப் பிய்த்துக் கீழே போட்டேன். கரி விழுகிற இடமல்லவா! சட்டி, பானை, பலகை, கொழுந்தன்மார் சட்டை, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் தேய்த்தேன்.

அத்தை வாசலிலேயே நின்று பார்த்தார். "ஏம்மா பாக்கியம், எங்க அஞ்சு பேரு மூஞ்சியத்தான் மிச்சம் வச்சிருக்க. அதுக்கும் ஒரு பூச்சு அடிச்சிரு."

அடுத்தது சத்து. ராத்திரி ஊறப்போட்ட உளுந்தை மறுநாள் அரைத்து, பொடியாக நறுக்கிய லீக்ஸ் (வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன்), உரல் நிறையப் பூண்டு, காய்ந்த மிளகாய், ஒரு கட்டிப் பெருங்காயம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து வடகம் கிள்ளி வைத்தேன். நூற்றிருபது வடகம். ஒரு மாதத்துக்கு யாரும் கடைப் பணிஸைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது என் திட்டம்.

திட்டத்தில் வெயிலைச் சேர்க்க மறந்துவிட்டேன். வடகம் கிள்ளிய அன்று பிடித்த மழை மூன்று நாளாக விடவில்லை. வெளியே வைத்தால் மழை, உள்ளே வைத்தால் ஈரம். மற்ற வீடுகளில் இப்படியானால் அடுப்புப் பரணில் வைத்துவிடுவார்கள். என் வீட்டுப் பரண் அடுப்புக்கு விறகாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. வடகம் லேசாகப் புளிக்கத் தொடங்கியது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. இஸ்டோரின் மேல்மாடத்தில்தான் அவருக்கு வேலை. நாங்கள் பறித்துக் கொடுக்கிற கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம் அது. "வெளிய எம்புட்டு மழ பேஞ்சாலும் எங்க மாடத்துல எல வாடிரும். கீழருந்து சூட்டுக் காத்து வந்துக்கிட்டே இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படி ஒரு இடம் இருக்கும்போது நான் ஏன் வானத்தை நம்பி உட்கார வேண்டும்?

அன்று பகல் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கூடையில் சோற்றுக்கு அடியில் இரண்டு முறத்தில் வடகம். ஐந்து மாடக்காரர்களும் கீழே சாப்பிடும் நேரம் பார்த்து மேலே ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்பார், வேண்டாமென்றால் செய்து பார்க்க முடியாதே. கடைசி மூலையில், பெரிய காற்றாடி ஊதுகிற வழியிலேயே ஒரு வெறும் தட்டு இருந்தது. நல்ல காற்று. வரிசையாகப் பரப்பி, பழைய வேட்டி ஒன்றால் மூடிவிட்டு வந்தேன்.

வாடுகிற கொழுந்து பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும் என்று இஸ்டோரைக் கூட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. எட்டு வயதிலிருந்து மலையில் நிற்கிறேன், லட்சக்கணக்கில் கிள்ளியிருப்பேன். கூடையை விட்டுப் போன பிறகு அந்த இலைக்கு என்ன நடக்கிறது என்று மட்டும், எல்லாவற்றையும் கேட்கிற நான், ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் பகல் போய் எடுத்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஆனால் முப்பத்தாறு குறைந்தது. எலி என்று நினைத்துக்கொண்டேன். (எந்த எலி வேட்டியைத் தூக்கி, தின்றுவிட்டு, மறுபடி ஒழுங்காக மூடி வைக்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.) சாயங்காலம் பொரித்துக் கொடுத்தேன். அத்தையே இரண்டாம் தடவை கை நீட்டினார். என் வீட்டுக்காரர் ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, "இந்த வாசம் இன்னைக்குப் பூரா என் மூக்குலயே இருந்துச்சு. பசி மயக்கம்னு நெனச்சேன்" என்றார். பேச்சை மாற்றவேண்டி இன்னும் நாலு எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மலையில் நின்றபோது கங்காணி வேகமாக வந்தார். "ஏ பாக்கியம், இஸ்டோர் வாசல்ல ஒன் புருசனையும் மத்த நாலு மாடக்காரனையும் நிப்பாட்டி வச்சிருக்காங்க. நேத்துத் தேயிலையில என்னமோ நாத்தமாம். தொரை வாயில ஊத்திட்டுத் துப்பிட்டாராம்."

 வேலை போனால் காம்பரா போகும். காம்பரா போனால் ஆறு பேரும் மழையில்தான். போக ஊர் கிடையாது. எங்களை இந்த நாட்டுக்காரர் என்று எழுதிக்கொள்ளவே ஆளில்லாத காலம் அது. முதுகுக் கூடையோடு, மழைக்குத் தலையில் போட்ட படங்கோடு ஓடினேன். வழியெல்லாம் மருத்துவச்சி அம்மாவைத் திட்டினேன், லீக்ஸைத் திட்டினேன், என்னைத் திட்டும்போது மூச்சு வாங்கியது.

தூறலில் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். எதிரே தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் டீமேக்கர் ஐயா. தேயிலை நல்லதா கெட்டதா என்று நாக்கில் வைத்துச் சொல்லுகிறவர் அவர்தான். வெற்றிலை போட்டவனை இஸ்டோர் படியேற விடமாட்டார், அவ்வளவு கண்டிப்பு. இன்றைக்கு வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"அஞ்சு பேரையும் வேலையில இருந்து நிப்பாட்டிரலாம் தொரை. இவனுகள்ல ஒருத்தன் வேலைதான்."

"நாந்தாங்க தொரை!" என்று கத்தினேன். "அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாந்தான் வடகம் காய வச்சேன்."

துரை திரும்பினார். "என்னா வடகம்? எங்கே காய வெச்சது?"

சொன்னேன். உளுந்திலிருந்து தொடங்கி, மழை, பரண், காற்றாடி, எலி வரை சொன்னேன். லீக்ஸில் இரும்புச்சத்து இருப்பதையும் சொன்னேன். துரை முகம் சிவந்துகொண்டே போனது. அப்புறம் டீமேக்கரைப் பார்த்து, "நீ முதல்லே குடிச்சுப் பார்த்தது. நல்லா இருக்குன்னு சொன்னது. ஏன் தெரியலே?" என்றார்.

டீமேக்கர் ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஒன்னால தோட்டத்து மானமே போச்சு! இது இஸ்டோரா, ஒன் வீட்டு அடுப்படியா?" என்று கத்தினார்.

அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது. பூண்டு, பெருங்காயம், நடுவில் லீக்ஸ்.

"ஐயா," என்றேன், "நீங்களும் சாப்பிட்டீங்களா? எப்பிடிங்க இருந்துச்சு?"

சத்தியமாகச் சொல்கிறேன், மாட்டிவிட வேண்டுமென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வெளியே ஒருத்தர் சாப்பிட்டிருக்கிறாரே, நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன்.  துரை மெதுவாக டீமேக்கர் பக்கம் நடந்து போய், மூக்கை நீட்டி, "ஊது" என்றார்.

ஐயா ஊதினார். துரை கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

முந்தின நாள் காலை மாடத்துக்கு வந்த ஐயா வேட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம், தினமும் உப்புச் சப்பில்லாத சமையல். இரண்டு கை அள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்து, மறுநாள் காலை ரொட்டியோடு பொரித்துச் சாப்பிட்டுவிட்டு நேரே தேயிலையை ருசி பார்க்க வந்துவிட்டார். அந்த வாய்க்கு எந்தத் தேயிலையில் எந்த வாசம் தெரியும்? ஐந்து பேரை அனுப்பினால் ஆறாவதாக அவரையும் அனுப்ப வேண்டும். துரைக்கு வேறு வழியில்லை. "எல்லாம் வேலைக்குப் போ" என்றார். எனக்கு மட்டும் தனி உத்தரவு: இனி இஸ்டோர் படியை மிதிக்கக் கூடாது.

திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரர் பின்னாலேயே பத்தடி வந்தார். "பேசாம இருந்திருந்தா ஒம்பேரு வெளிய வந்தே இருக்காது. எதுக்குப் புள்ள ஓடியாந்த?"

"நீங்க நனஞ்சுக்கிட்டு நிக்கிறத பாத்துட்டு எப்பிடிங்க பேசாம இருப்பேன்?" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தேயிலையைக் கொழும்புக்கு அனுப்ப முடியவில்லை. லயத்து ஆட்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் தோட்டம் முழுக்கப் பெருங்காயத் தேத்தண்ணி. குடிக்கிறவர்களெல்லாம் என் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். அத்தைக்கு மட்டும் பல வருஷத்து வாயுத் தொல்லை விட்டுப்போனது. அதை அவர் கடைசி வரை வெளியே ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே மாடத்துக் கதவில் ஒரு பலகை அடித்தார்கள். வெள்ளைச் சாயத்தில் கொட்டை எழுத்து: 'இங்கே வடகம் காய வைக்கக் கூடாது.' துரை சீமைக்குப் போனார், டீமேக்கர் ஐயா பென்சனில் போனார், பலகை போகவில்லை. எங்களுக்கு முதல் பிள்ளை பிறப்பதற்கு முன் அடித்தது, அவள் வேலைக்குப் போகும்போதும் இருந்தது. புதிதாக வருகிற ஒவ்வொரு துரையும் அதன் முன்னால் நின்று, தேயிலைத் தொழிற்சாலையில் இது எதற்கு என்று கேட்பாராம். மாடத்துக்கே பொறுப்பாளராகிவிட்ட என் வீட்டுக்காரர், ஒவ்வொருவருக்கும் உளுந்திலிருந்து தொடங்கிச் சொல்லுவாராம்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அவர் என்னைக் காட்டித்தான் தொடங்குவார்: "எல்லாருக்கும் செத்ததுக்கப்புறந்தான் கல்லுல பேரு வெட்டுவாங்க. இவளுக்கு இருவது வயசுலயே தோட்டத்துச் செலவுல பலக வச்சுட்டாங்க."