மாஸ்டரின் மோதிர விரல்

சமையலறை சிங்க்கில் கையை நீட்டிச் சோப்புத் தேய்த்தாயிற்று. எண்ணெய் விட்டாயிற்று. நூல் சுற்றி இழுத்தாயிற்று. பேக்கரி மாஸ்டரின் கல்யாண மோதிரம் அசையவில்லை. வெண்டைக்காயாக இருந்த விரல் வாழைக்காய் ஆனதுதான் மிச்சம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டியாவது எடு. அப்புறமும் மோதிரத்தோட மாவுல கை வெச்சே, பேக்கிங்தான்" என்று முதலாளி கெடு வைத்திருந்தார்.

இத்தனை வருஷம் மாவு பிசைந்த கை, இனி அட்டைப்பெட்டி மடிப்பதா?

"வெட்டறதா?" மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "என் விரல்ல இருக்கறதுக்கு ஜோடி அது. அது மேல கத்தி பட்டா அப்புறம் என்கிட்டப் பேச வேண்டாம்."

"உப்பைக் குறைங்க மாஸ்டர், வீக்கம் வடியும்" என்றார் பேக்கரி அடுப்படி ஆள். மாஸ்டர் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது முதல் கவளத்திலேயே புரிந்தது. செத்த நாக்குக்கு ஆறுதலாக வேளைக்கொரு கிரீம் பன், நான்கு ஸ்பூன் சர்க்கரையோடு டீ.

வீக்கம் வடியவில்லை. மோதிரம் சதைக்குள் முக்கால்வாசி மறைந்துவிட்டது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மைத்துனன் வந்து விரலைப் பார்த்தான்.

"மாமா, உப்பை நிறுத்தினீங்க சரி. அதுக்குக் காவல்காரனை உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கீங்களே."

"யாருடா அவன்?"

"சர்க்கரை. இனிப்பு அதிகமா உள்ள போனா இன்சுலின் ஏறும். அது கிட்னிகிட்டப் போய், 'உப்பை வெளிய விடாதே'ன்னு சொல்லிடும். உப்பு தங்கற எடத்துல தண்ணியும் பாய் விரிச்சுப் படுத்துக்கும். பன்னை விடுங்க, தானா வடியும்."

"பேக்கரியில உட்காந்துக்கிட்டா?"

"நானும் விட்டுடறேங்க" என்றாள் மனைவி. "ஒரே வீட்டுல ரெண்டு தினுசா டீ போட என்னால ஆகாது."

மறுநாளே வேலை ஆரம்பித்தது. உடம்பு தேக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் விடைபெற, மாஸ்டர் மாவுக்கும் பாத்ரூமுக்கும் நடையாய் நடந்தார்.

வியாழக்கிழமை காலை, வழக்கம்போல் சிங்க்கில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு பேக்கரிக்கு ஓடினார். மதியம் பன்கள் அடுப்பிலிருந்து இறங்கும்போதுதான் விரலைப் பார்த்தார். பழையபடி வெண்டைக்காய். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும்.

மாவுக்குள்ளேதான் விழுந்திருக்க வேண்டும். கத்தியை எடுத்தார். அன்றைய பன் ஒவ்வொன்றையும் பிளந்தார்.

"என்னய்யா பண்றே?"

"வெந்திருக்கான்னு பாக்கறேன் முதலாளி."

"அத்தனையையுமா?"

"சந்தேகம்னு வந்துட்டா..."

"நீ நாளையிலேர்ந்து பேக்கிங்" என்றார் முதலாளி.

மாவு வேலையும் போயிற்று, மோதிரமும் போயிற்று. வெட்டியிருந்தால் இரண்டு துண்டாகவாவது கையில் இருந்திருக்கும். விரலில் பெரிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

"என்னாச்சு?"

"அடுப்பு சுட்டுடுச்சு."

வீக்கம் குறைந்ததா, மோதிரம் அசைகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். கையில் புதிதாய் ரப்பர் உறை. "சோப்பு ஒத்துக்கல" என்றாள். டீ குடிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. மடியில் கனம் உள்ளவர் என்ன கேட்பார்?

சிங்க்குக்கு அடியில் பிளம்பர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அடைப்பு" என்றாள் அவசரமாக. "நீங்க உள்ள போய்ப் படுங்க. வேலைக்குப் போயிட்டு வந்த உடம்பு."

"இல்ல, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." மாஸ்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விரல்கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். "கோபப்படக் கூடாது. அந்த மோதிரம்..."

"அப்புறம் பேசிக்கலாங்க, முதல்ல உள்ள போங்க."

சிங்க்குக்கு அடியிலிருந்து பிளம்பர் தலையை நீட்டினார்.

"ஏம்மா, கை கழுவும்போது ஒரு மோதிரம் நழுவிடுச்சுன்னுதானே சொன்னீங்க? இங்க ரெண்டு கிடக்குதே."