டெஸ்டிங் அண்ணாச்சியின் பராமரிப்பு நேரம்

மின்னஞ்சல் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் இன்றைய இளைஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'பராமரிப்பு நடக்கிறது, பிறகு வரவும்' என்று சொல்லி ஒரு கம்பெனியின் வாயையே அடைத்துவைக்கும் கலையை உலகுக்குக் கொடுத்தவர் எங்கள் டெஸ்டிங் அண்ணாச்சிதான்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஒரு மரக் கம்பெனியில் நான் கிளார்க். வடக்கே காட்டில் மரம் வெட்டும் எங்கள் திக்லிபூர் முகாமுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் ஒரு வயர்லெஸ் பெட்டி. அதில் மரத்தைப் பற்றி மட்டுமே பேசலாம், மனிதர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. பெட்டிக்குக் காவல் தூத்துக்குடிக் கடற்கரைக்காரரான அண்ணாச்சி. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பாதிரியாருக்கு மட்டும் தெரியும்.

உப்புக்காற்று பெட்டியைத் தின்றுவிடுமாம். அதனால் மைக்கைக் கழற்றிக் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போடுவார். பெட்டிக்குத் தன் மனைவியின் பழைய சேலையைப் போர்த்துவார். கம்பிகளைத் தொடும்போது ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மறு காலைத் தூக்கிக் கொக்காக நிற்பார்.

"இன்னொரு பூட்ஸ் எங்க அண்ணாச்சி?"

"திக்லிபூர்ல சூசைகிட்ட இருக்கு. அங்க பெட்டியப் பாக்கது அவன்தான? ரெண்டு பேருல ஒருத்தன் போயிட்டாலும் கம்பெனி யாருகிட்ட வே பேசும்?"

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவில் 'பராமரிப்பு நடக்கிறது' பலகை தொங்கும். உள்ளே தாழ். "டெஸ்டிங்... டெஸ்டிங்..." என்று குரல் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் மேனேஜரே வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். உள்ளே என்ன நடக்கிறது? மீன் பொரிக்கிறார் என்றார் கேஷியர். தூங்குகிறார் என்றார் டைப்பிஸ்ட். திக்லிபூரில் ஒரு சின்ன வீடு என்பது என் கட்சி. நிறையப் படித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பியூன்கள் மட்டும் தமக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கல்கத்தாவிலிருந்து புதுப் பெட்டி வந்திறங்கியது. கூடவே வந்த எஞ்சினியர், இதற்குத் தினசரிப் பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். எங்கள் மேனேஜர் வங்காளி, கறாரானவர். "மெயின்டெனன்ஸ் பந்த்!" என்று பலகையைக் கழற்றி எறிந்தார்.

மூன்றே நாளில் புதுப் பெட்டி ஊமையானது.

"க்யா ஹுவா?" என்று மேனேஜர் உறும, அண்ணாச்சி கண்ணைத் தாழ்த்தி, "நயா ஹை நா சாப், ஷர்மாதா ஹை" என்றார். புதுசில்லையா, வெட்கப்படுகிறதாம்! டெஸ்டிங் செய்து பழக்கினால்தான் வாயைத் திறக்குமாம்.

மேனேஜருக்குச் சந்தேகம். "ஏக் பார், மேரே சாம்னே" என்றார். ஒரே ஒரு முறை, அவர் கண்ணெதிரே. அதில் ஏதாவது கோளாறு இருந்தால் பராமரிப்பு நேரமும் போகும், அண்ணாச்சியும் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போவார். சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தும் தமிழ் ஆத்மி. சுனோ, க்யா போல்தா ஹை." தமிழனான நான் அண்ணாச்சி பேசுவதைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். ஆக, நான் அரசாங்க முத்திரை இல்லாத ஒற்றன்.

என் நிலைமையோ வேறு. தலைப்பிரசவத்துக்காக மனைவி திக்லிபூரில் தன் அப்பாவின் மளிகைக் கடை வீட்டுக்குப் போயிருந்தாள். நாள் தாண்டிவிட்டது. தகவல் வரவேண்டுமானால் கப்பல் வரவேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று அந்தக் கப்பலுக்கே தெரியாது.

அண்ணாச்சி பூட்ஸை மாட்டினார், கொக்கானார், எதையோ திருகினார். பெட்டி இருமியது.

"டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு. பியூன் முருகன் ஆத்தாளுக்குக் காய்ச்சல் எப்படி? மூணு, நாலு. ஓவர்."

"டெஸ்டிங்," என்றது சூசையின் குரல். "காய்ச்சல் விட்டுட்டு. கஞ்சி குடிச்சா. அஞ்சு, ஆறு. ஓவர்."

எனக்குப் புரிந்துவிட்டது. டெஸ்டிங்கில் என்ன பேச வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை! அண்ணாச்சி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஏழு, எட்டு. மளிகைக் கடைக்காரர் மவளுக்கு என்னாச்சு? ஓவர்."

கரகரவென்று இரைச்சல். என் உயிர் அந்த இரைச்சலுக்குள் எங்கோ இருந்தது.

"பொம்பளப் புள்ள! நேத்து காலைல. தாயும் புள்ளையும் சொகம். ஒம்பது, பத்து. ஓவர்."

என்ன சொன்னான் என்று மேனேஜர் என் தோளைத் தொட்டார். "க்யா போலா?"

"சிக்னல் பஹுத் சாஃப் ஹை, சாப்." சிக்னல் ரொம்பத் தெளிவு என்றேன்.

"தோ ரோதே க்யூன் ஹோ?" ஏன் அழுகிறாய் என்கிறார்.

"இவ்ளோ சாஃப் சிக்னல் கபி நஹி சுனா, சாப்!" இத்தனை தெளிவாக நான் கேட்டதே இல்லை!

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"டெஸ்டிங்... பங்களா மே பி ஹோதா ஹை க்யா? மேரி தீதி உதர் ரஹ்தி ஹை." அவருடைய அக்காள் அங்கேதான் இருக்கிறாளாம்.

வங்காள மொழியிலும் டெஸ்டிங் செய்யாவிட்டால் பெட்டி சீக்கிரமே கெட்டுப்போகும் என்று அண்ணாச்சி உறுதியாகச் சொன்னார். மேனேஜரின் அக்காளுக்காக மறுநாளே பலகை மீண்டும் தொங்கியது.

இப்போது நான் சென்னையில், மின்னஞ்சல் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். சர்வர் பராமரிப்பு என்று அறிவிப்பு வந்தால் எல்லோரும் மேசையைக் குத்துகிறார்கள். நான் மட்டும் ஒரு டீ சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்காருகிறேன். உள்ளே யாரோ ஒருவர் ஒற்றைக் காலில் நின்றபடி, யாருக்கோ பெண் பிறந்த சேதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே இன்னமும் நினைக்கிறேன்.