கிருமிக்கு ஆயுத பூஜை விடுமுறை

அன்பும் மரியாதையும் ஒருசேர உரிய மாப்பிள்ளை பழமலைநாதன் அவர்களுக்கு, விருத்தாசலத்திலிருந்து மாமனார் தங்கராசு எழுதுவது. நானும் உங்கள் அத்தை செல்வநாயகியும் நலம். நீங்கள் தொட்டியில் விட்டுவிட்டுப் போன கிருமிகள் நலமாக இல்லை. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீர்கள், என் மகள் கேட்பாள், ஆகவே தபால்.

பீங்கான் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் சூளை பார்த்தவன் நான். நெருப்பு கண்ணுக்குத் தெரியும். உங்கள் கிருமி தெரியவில்லை. பழைய காகிதத்தை அரைத்து அட்டை செய்யும் ராஜாங்கம் முதலாளியின் மில்லில், கழிவுத்தண்ணீரைச் சுத்தம் செய்யக் கிருமி விடும் ஒப்பந்தம் உங்கள் கம்பெனிக்கு; அந்தத் தொட்டிக்குக் காவலாக என்னைச் சேர்த்துவிட்டவரும் நீங்கள்தான். என்சைம் பவுடர் கசடை மசித்துக் கொடுக்கும், கிருமி அதைத் தின்னும், காற்று ஊதும் மோட்டார் மட்டும் நிற்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னீர்கள். நானும் சரி சரி என்றேன்.

ஆயுத பூஜை வந்ததா, எல்லா மிஷினையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜையில் வைத்த மிஷினை அன்றைக்கே ஓட்டுவது எந்த ஊர் வழக்கம்? மோட்டாருக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, நிறுத்தினேன். விஜயதசமிக்கும் மில் லீவு. இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்ததுகள், பாவம். மூன்றாம் நாள் தொட்டி கறுத்து, அழுகின முட்டை நாற்றம். பக்கத்து வயல் கொளஞ்சியம்மாள் வரப்பில் நின்று, "என்னாங்க, பொணம் கிணம் பொதைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யாருக்கும் தெரியாமல் மோட்டாரைப் போட்டேன். மனசு கேட்காமல் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினேன். உங்கள் அத்தை சும்மா இருப்பாளா? எதுவும் புளித்தால்தான் பொங்கும் என்று ஒரு குண்டான் இட்லி மாவைக் கொண்டுவந்து, முதலாளி பார்க்கப் பார்க்கக் கவிழ்த்தாள்.

அடுத்த வாரம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பாராம். தேறாவிட்டால் மில்லைப் பூட்டுவார்கள், உங்கள் பேரும் கெடும். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. புதுக் கிருமியோடு உடனே பஸ் ஏறுங்கள். மோட்டாரை நிறுத்தியது நான் என்று முதலாளியிடம் மூச்சு விடாதீர்கள். என் வேலை போய்விடும்.

உங்களுக்குப் பேர் கொடுத்த நம்மூர்ச் சாமி பழமலைநாதர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கராசு

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடியதில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. இதற்குள் நாற்றம் போய், அதிகாரி எடுத்த தண்ணீரும் தேறிவிட்டது. மோட்டார் ஓடியதும் மிச்சமிருந்த கிருமி பிழைத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதலாளி பார்த்தது மாவை மட்டும்தான். "இனிமே உங்க மாப்ள கம்பெனி எதுக்குங்க, அம்மாவே ஊத்தட்டும்" என்று உங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். உண்மையைச் சொன்னால் மோட்டாரை நிறுத்தியது யார் என்று கேட்பாரே, நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை முதல் உங்கள் வேலை அத்தைக்கு. கிருமி வேண்டாம், வரும்போது பெரிய கிரைண்டராக ஒன்று கொண்டுவாருங்கள்.