கடைசி அத்தியாயத்தைக் கிழித்தது உங்கள் மகள்தான் என்று நான் கண்டுபிடித்த விவரம்

மலைக்குடில்,
ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா தூரிட் அவர்களுக்கு, சிந்த்ரேயின் தாய் போர்கில் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். பனி ஜன்னல் வரை ஏறியிருந்தாலும் விறகு போதுமான அளவு இருக்கிறது, காப்பித்தூள் திங்கள் வரை வரும், ஆரஞ்சு ஆளுக்கொன்று மிச்சம். அங்கே உங்கள் முழங்கால் வலி தணிந்து, வீட்டுக்காரரும் சளி நீங்கி நாளைக் காலை ஆராதனைக்குப் போகிற நிலையில் இருப்பார் என்று நம்புகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் செய்த பாதாம் கேக்கை இன்னும் நாங்கள் பேசி ஓயவில்லை.

நிற்க. தங்கள் மகள் தீரில் நேற்று மாலையிலிருந்து எங்கள் குடிலில் இல்லை. பதறாதீர்கள். கீழே மலை விடுதியில் இருக்கிறாள், சிந்த்ரேயும் கூடவே போயிருக்கிறான். பெந்தெகொஸ்தே ஞாயிறு கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமைதான் பஸ். அந்த பஸ்ஸில் அவளும் வருவாள், இந்தக் கடிதமும் வரும். எது முந்தி வந்தாலும் நீங்கள் கடிதத்தை முந்திப் படிக்க வேண்டும். நேற்றே தொலைபேசியில் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அது ஒரு தரப்பு, இது மறு தரப்பு. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். "நான்தான்" என்று ஒரு வார்த்தை போதும், கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிடலாம்.

நடந்தது இதுதான். ஈஸ்டர் வாரத்தில் கொலைக்கதை படிக்காத வீடு நம் நாட்டில் ஏது? பால் டப்பாவின் முதுகிலேயே ஒரு கொலையை அச்சடித்துத்தானே விற்கிறார்கள். எங்கள் குடிலில் வருஷத்துக்கு ஒரு புதுப் புத்தகம், அதுவும் துப்பறியும் கிராவ்தால் வருகிற புத்தகம் மட்டும்தான். கிராவ்தால் கதை ஒன்றுவிடாமல் படித்தவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு மனித மனசைக் கற்றுக்கொடுத்தது முதலில் வேதாகமம், அடுத்து கிராவ்தால். ஆளுக்கு ஒரு நாளாகப் புத்தகம் கை மாறும், கொலைகாரன் பெயரை எல்லாரும் முடிக்கும்வரை யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, அதுதான் சட்டம். புதன்கிழமை என் நாத்தனார் ராண்டி படித்தாள், வியாழக்கிழமை தீரில், வெள்ளிக்கிழமை காலை என் கணவர் ஹல்வார். சிந்த்ரேக்கு எழுத்தைப் பார்த்தாலே தூக்கம் வரும், அவனை விடுங்கள். நான் எப்போதும் கடைசிதான், ஏனென்றால் பெரிய வெள்ளியன்று நம் இரட்சகர் சிலுவையில் இருக்கிற மூன்று மணி வரை நான் கதைப்புத்தகத்தைத் தொடுவதில்லை. மூன்று அடித்தது. ஜெபத்தை முடித்துக்கொண்டு, ஆரஞ்சை உரித்து வைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மாலைக்குள் கடைசி அத்தியாயத்துக்கு முந்தினது வரை விழுங்கிவிட்டேன். கிராவ்தால் எல்லாரையும் வரவேற்பறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, புகைக்கிற பைப்பைத் தட்டி, "கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். பக்கத்தைத் திருப்புகிறேன், அட்டை வருகிறது. கடைசி அத்தியாயத்தை யாரோ வேரோடு கிழித்திருக்கிறார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் கத்தியிருப்பாள். நான் காப்பி போட்டேன். கிராவ்தாலும் முதலில் காப்பிதான் குடிப்பார். குடித்துவிட்டு எல்லாரையும் அடுப்பங்கரையில் உட்காரச் சொன்னேன், கதவையும் சாத்தினேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் ராண்டி. "பொணம் விழுந்தாத்தான் உனக்குப் பண்டிகை. சரி, கோர்ட்டைக் கூட்டு, நான் நீதிபதிக்கு பிஸ்கட் எடுத்துட்டு வாரேன்."

"மதினி, நீங்க உக்காருங்க. சாட்சி எழுந்து நடமாடக் கூடாது."

"நான் சாட்சியா? நேத்து மீன் தீஞ்சப்போ நான்தானே குற்றவாளி?"

இந்த வாயாடியை முதலில் விலக்கினேன். அவள் கிழித்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பாள். அடுத்து ஹல்வார். புத்தகத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தியம்மா, படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள், பொருளைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவன் எந்தக் கதையிலும் குற்றவாளியாக இருந்ததில்லை. அவனை நம் கண்முன் நிறுத்துவதே நம்மை ஏமாற்றத்தான். போதாததற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு வியர்த்து வழிந்தார். நிரபராதிகள்தான் அப்படி வியர்ப்பார்கள். அதனால் அவரையும் விலக்கினேன்.

மிச்சம் யார் என்று பார்த்தால் உங்கள் மகள். வந்த நாளிலிருந்து சொல்லாமலே பனி அள்ளி வந்து தண்ணீர் காய்ச்சினாள், பாத்திரம் துலக்கினாள், ராண்டியின் பேச்சுக்குக்கூடச் சிரித்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாத ஒரே ஆள் அவள்தான், கிராவ்தால் முதலில் பார்ப்பதும் அப்படிப்பட்டவர்களைத்தான். நேற்று மத்தியானம், நாங்கள் வானொலியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது அணைந்துபோன அடுப்பை மறுபடி பற்றவைத்தவளும் அவள். நகரத்துப் பெண்ணுக்கு ஈர விறகு பற்றாது, காகிதம் வேண்டும். சாம்பலைக் கிளறினேன், கருகிய காகிதம் ஒரு துண்டு கிடைத்தது. எழுத்து தெரியவில்லை, ஆனால் காகிதம் காகிதம்தானே.

"தீரில், நீதானே கிழிச்சே?" என்று அன்பாகத்தான் கேட்டேன்.

"நான் கிழிக்கலை அத்தை. அடுப்புல போட்டது ஆரஞ்சு சுத்தி வந்த காகிதம்."

"அப்போ யார் கிழிச்சது? தெரியுமா தெரியாதா?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அதை நான் சொல்ல மாட்டேன்."

கவனியுங்கள், "தெரியாது" என்று சொல்லவில்லை, "சொல்ல மாட்டேன்" என்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அம்மா, விளையாட்டுக்குப் பேசுறீங்களா, நிஜமாவே பேசுறீங்களா?" என்று எழுந்தான் சிந்த்ரே.

"தப்பை ஒத்துக்காத பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கிராவ்தால் இப்படி ஒரு அதட்டல் போட்டதும் குற்றவாளி அழுது ஒப்புக்கொள்வது வழக்கம். உங்கள் மகள் அழவில்லை. "சரிங்க அத்தை" என்று சொல்லி, காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கோப்பையைக் கழுவிவிட்டுப் போனதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அப்படிப்பட்ட பெண்ணை இழக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தாய் சொன்னால் கேட்பாள். என் தீர்ப்பில் சந்தேகம் இல்லை, தண்டனையை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உயிர்த்தெழுந்தவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் குறைவில்லாமல் தங்கட்டும். உங்கள் வீட்டுக்காரருக்கும் சின்னவளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். ராண்டியும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
போர்கில்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். இதை விடுதித் தபால்பெட்டியில் போட்டு வரச் சொல்லி நேற்றே ஹல்வாரிடம் கொடுத்தேன். உறையிலிருந்த உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு கதவிலேயே நின்றார். "போர்கில், இதை அனுப்பாதே, நான்தான்" என்றார். வெள்ளிக்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே பனியில் இருக்கிற கக்கூஸுக்குப் போயிருக்கிறார். அங்கே போய் உட்கார்ந்து, கதையையும் முடித்துவிட்டுப் பார்த்தால் துடைக்கிற காகிதச் சுருள் காலி. ஆள் எண்ணிக்கைக்கு அளவாகக் கொண்டுவந்தவள் நான்தான். "கூப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள்லாம் வானொலியோட சேர்ந்து சங்கீதம் பாடிட்டிருந்தீங்க. முன்பக்கமெல்லாம் உனக்கு வேணும். கடைசியில யாருன்னுதான் எனக்குத் தெரியுமே, வாயால சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீ கோர்ட்டைக் கூட்டினதும் நாக்கு எழும்பலை."

நான் கட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கீழே இறங்கினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். தீரில் விடுதியில் கணப்புப் பக்கம் சீட்டாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், அதட்டலும் சத்தமாகத்தானே போட்டேன்.

"உனக்கு முதல்லயே தெரியுமா?" என்றேன்.

"மாமா புத்தகத்தோட போறதையும் பார்த்தேன், புத்தகம் மெலிஞ்சு வர்றதையும் பார்த்தேன் அத்தை. அத்தனை பேர் முன்னாடி அவரைப் போய் எப்படிச் சொல்றது?"

சம்பந்தியம்மா, இந்தப் பெண்ணைப் பெற்றதற்கு உங்களுக்கு நன்றி. இப்போது என் சமையலறையில் ஆட்டிறைச்சிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெந்தெகொஸ்தேயில் மாற்றமில்லை. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தையும் அனுப்புகிறேன், "நிற்க" என்ற இடத்திலிருந்து "இப்படிக்கு" வரை தயவுசெய்து படிக்க வேண்டாம். கொலை செய்தது யார் என்று தீரிலிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்கிறாளாம்.